தனுஷ்கோடியில் தண்ணீர் இனித்த வருடம்

தனுஷ்கோடியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தொடங்கி, அந்த இரவிலேயே முடித்துவிடுகிறார்கள். புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில், அதோடு போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், கூரை இழந்து நிற்கும் தேவாலயம், மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்ற அரசு அறிவிப்பு. அதற்கு மேல் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு முற்றுப்புள்ளி. புகைப்படங்களிலும் இடிந்த சுவர்கள்தான் வருகின்றன. சுவருக்குப் பின்னால் காயும் துணிகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். அந்தத் துணிகளுக்கு உரியவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு மூலையிலிருந்து இலங்கையை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நாக்கு அது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். சில இடங்களில் ஒரு கடலில் நனைந்த காலின் ஈரம் காய்வதற்குள் மறு கடலுக்கு நடந்துவிடலாம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு ஐம்பது ஆண்டுக்காலம் போட் மெயில் இங்கே வந்து நின்றது. பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறினார்கள். சுங்கச்சாவடியும் அஞ்சல் நிலையமும் அந்த ஐம்பது ஆண்டுகளுக்கு உரியவை. மீன்பிடிக்கிறவர்கள் அதற்கு முன்பும் அங்கே இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள்.

நான் முதலில் போனது 2005 மார்ச்சில். அப்போது சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்கள்தான். மாலையில் கடைசி வேன் சுற்றுலாக்காரர்களை அள்ளிக்கொண்டு போன பிறகு நான் மட்டும் மிஞ்சினேன். ராமேஸ்வரத்து நண்பர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்ததால் ஒரு கரைவலைக்காரரின் வாடியில் இரண்டு இரவுகள் தங்க இடம் கிடைத்தது. மின்கம்பி கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கு. பனையோலைக் கூரையில் காற்று ஓயாமல் எதையோ தேடிக்கொண்டிருந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். நான் அதைத் தயங்கித்தான் வாயில் வைத்தேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், என்ன தண்ணீராக இருக்க முடியும்? எங்கள் ராமநாதபுரத்துக் குழாய்த் தண்ணீரைவிட அது நன்றாக இருந்தது.

மறுநாள் விடியலில் அந்த வீட்டு அக்கா ஊற்றைக் காட்டினார். குடிசைக்குப் பின்னால் முள்கிளைகளை அடுக்கி மறைத்த ஒரு குழி. முழங்கை ஆழம் இருக்கும், அவ்வளவுதான். அடியில் இரண்டு சிரட்டைத் தண்ணீர் கண்ணாடிபோலத் தேங்கியிருந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிரட்டையைச் சாய்த்து மேலாக மொண்டு குடத்தில் ஊற்றினார். பிறகு காத்திருந்தார். மணலின் ஓரங்களிலிருந்து மறுபடி கசிந்து அதே அளவுக்கு வந்து நின்றது. மறுபடி மொண்டார். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சீக்கிரம் நிறையுமே என்றேன்.

"ஆழத் தோண்டுனா கரிச்சுப் போகும் தம்பி. மேல நிக்கிறதுதான் நம்மது. கீழ நிக்கிறது கடலோடது" என்றார்.

இதை விளக்க அறிவியலில் கைபன்-ஹெர்ட்ஸ்பெர்க் விதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாகக் கண்டு எழுதியது. மழைநீர் மணலில் இறங்கும்போது கடல்நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் அதைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே மணலுக்குள் நன்னீர் ஒரு வில்லைபோல உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். எதிர்ப்பக்கமாகவும் இந்தக் கணக்கு செல்லும்: மேலே ஓர் அடியை அவசரமாக உறிஞ்சினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும். தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் இந்த வில்லை மிக மெல்லியது. மோட்டார் போட்டால் ஒரே வாரத்தில் முடிந்துபோகும். சிரட்டையால் மொண்டால் தலைமுறைகளுக்கு வரும். அக்காவுக்கு விதியின் பெயர் தெரியாது, ஆனால் அதன் எல்லை எங்கே என்பது விரலளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது.

நெய்தலை இரங்கலுக்கு உரிய திணை என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. கரையில் நின்று கடலைப் பார்த்து ஏங்கும் பெண்களை நாம் ஈராயிரம் ஆண்டுகளாகப் படித்துவருகிறோம். நான் பார்த்த பெண்களுக்குக் கடலைப் பார்க்க நேரமிருக்கவில்லை. விடிவதற்கு முன் ஊற்று, பிறகு உடைமுள் விறகு, பிறகு வலைக்கயிறு, பிறகு கருவாட்டுக்கு மீனைக் கீறி உப்பிட்டு மணலில் பாய் விரித்துக் காயவைத்தல், காகத்தையும் நாயையும் விரட்டுதல். ஏங்குவதற்கு வாய்த்த ஒரே நேரம் ஊற்றில் தண்ணீர் கசியக் காத்திருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான். அப்போதுதான் அக்கா அந்தக் கதையைச் சொன்னார்.

புயலின்போது அவருக்குப் பத்து வயது. தகப்பனார் அவரையும் தம்பியையும் மேட்டு மணலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். உயிர் தப்பினார்கள். தாயும் கைக்குழந்தையும் தப்பவில்லை. இதை அவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டுக் குடத்தைப் பார்த்தார். பலமுறை பலரிடம் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள் என்று தெரிந்தது. மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அவராகவே தொடர்ந்து சொன்னது வேறு ஒன்று.

உயிர் பிழைத்தவர்களைக் கொண்டுபோய் ராமேஸ்வரத்தில் வைத்தார்கள். ஊர் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். தகப்பனாருக்கு அங்கே பிழைப்பு இல்லை. வேறொருவர் வலையில் கூலிக்கு இழுத்தார். மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு மறுநாள், தனியாக நடந்து தனுஷ்கோடிக்குப் போவார். ஊற்று இருந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பார். கடல் ஏறி மூடிய மணல், தண்ணீர் வாயில் வைக்க முடியாது. துப்பிவிட்டுத் திரும்பி வருவார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் எதுவும் கேட்க மாட்டார்கள். அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையை அசைப்பார். கோடை முழுவதும் அப்படியே போயிற்று. அடுத்த ஐப்பசி கார்த்திகை மழை பெய்தது. மார்கழியில் போனவர் திரும்பி வரும்போது ஒரு சிறிய பித்தளைச் செம்பைத் துணியால் வாய்கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மடக்குக் கொடுத்தார்.

"இனிப்பாவா இருந்துச்சு? லேசா கரிச்சது. ஆனா அப்பா இனிக்குதுன்னாரு. நாங்களும் ஆமாங்கோம். பொங்கலுக்கு முன்னாடி வந்துட்டோம்."

ஒரு நிலத்தில் மனிதர் வாழலாமா கூடாதா என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் அந்தச் செம்பைவிட நேரானது வேறில்லை. கோப்புகளில் இல்லாத ஒரு ஊர் அன்றைக்குத் திரும்பத் தொடங்கியது. இடிந்த சுவர்களின் முருகைக்கல்லுக்கு நடுவே, தண்டவாளம் போன மேட்டின் ஓரத்தில், ஓலைக்குடிசைகளாக அது திரும்பியது. ஊரே இல்லாத இடத்தில் வீட்டுக்குப் பட்டா ஏது? அதைக் கேட்டுப் போனவர்கள் பட்ட அலைச்சலை வாடியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மீண்டும் மீண்டும் ஒரே கதை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கரைவலைக்கு வருகிறேன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கயிறிழுப்பு. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போகும். போகப்போகக் கயிறும் அதைத் தொடர்ந்து வலையின் ஒரு கையும் இறங்கும். நடுவில் மடி. பிறகு மறுகை, மறுகயிறு. படகு பெரிய அரைவட்டம் அடித்துச் சில நூறு மீட்டர் தள்ளிக் கரையேறும். இரு முனைகளிலும் ஆட்கள் பிரிந்து நின்று, இடுப்பில் கட்டிய பட்டையைக் கயிற்றில் மாட்டிப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். மேட்டுக்கு வந்தவர் கழற்றிக்கொண்டு ஓடிப்போய் மறுபடி தண்ணீரோரத்தில் மாட்டிக்கொள்வார். இழுக்க இழுக்க இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரவேண்டும். எந்தக் கை முந்துகிறது, எது பிந்துகிறது என்று பார்த்துச் சத்தம் கொடுக்க ஒருவர் நடுவில் நிற்பார். மடி கரைதொட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

வலையின் கைகளில் கண்கள் மிகப் பெரியவை என்பதை அன்றுதான் கவனித்தேன். மீன்கள் தாராளமாக அவற்றின் வழியே வெளியேறிவிடலாம். "போகாது" என்றார் சம்மாட்டி. "கயிறு அசையுறதப் பாத்துப் பயந்து நடுவுக்குத்தான் ஓடும். பயம்தான் வலை. மடி பொறவு." மடியில் மட்டும்தான் கண்கள் நெருக்கமானவை. சாளை, சூடை, காரல், நெத்திலி, கொஞ்சம் கணவாய், அதிர்ஷ்டம் இருந்தால் பாரையோ சீலாவோ. ஒரு திருக்கை வந்தால் எல்லோரும் ஒதுங்கி நின்று வாலைப் பார்ப்பார்கள். சொறி நிறைய வந்த நாளில் கைகள் எரிந்துகொண்டிருக்கும்.

எந்தக் கடலில் வலை போடுவது என்பதைக் காற்று சொல்லும். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், ஆகவே தென்கடலில் போடுவார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வடகரைக்கு மாறிவிடுவார்கள். மணல்நாக்கு ஒடுங்கியிருப்பது அவர்களுக்கு ஒரு வரம், ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பக்கம் கடல் படுத்திருக்கும். பெண்கடல் சாது என்கிறார்களே என்று சம்மாட்டியிடம் கேட்டேன். "வாடையில வந்து பாருங்க, யாரு ஆம்பளைன்னு தெரியும்" என்றார். கயிற்றில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஆம், கயிற்றில் பெண்களும் இருந்தார்கள். என்னை இந்தத் தொழிலின்பால் ஈர்த்தது அதுதான். படகில் போக உடல்வலு வேண்டும், ஆணாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். கயிற்றில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம். அன்றைக்கு இழுத்தவர்களில் ஒரு கண் பார்வையற்ற கிழவர் இருந்தார். கணவனைக் கடலில் இழந்த ஒரு பெண் இருந்தார். பள்ளிக்குப் போகாத இரண்டு பையன்கள் இருந்தார்கள். கிழவர் கயிற்றை இழுத்தார் என்பதைவிடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்பதே சரி. அது எல்லோருக்கும் தெரியும். மீன் ஏலம் போன பிறகு செலவு கழித்து, வலைக்கும் படகுக்கும் உரிய பங்கு போக, மீதியை ஆட்களுக்குப் பிரித்தார்கள். கிழவருக்கும் பங்கு வந்தது. அது போக ஒவ்வொருவருக்கும் கறிக்கு ஒரு கை மீன். பிரித்தவர் கிழவரின் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, மீனை வைத்து மூடினார். ஓய்வூதியம், விதவை உதவித்தொகை, காப்பீடு என்று நாம் தனித்தனித் துறைகளாக வைத்திருப்பவை அந்தக் கயிற்றில் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இதை நான் பொன்னுலகமாக வரையவில்லை. சம்மாட்டியே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர். வாங்கியவர் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும், ஏலம் என்பது பல நாட்கள் ஒரு சடங்கு. மடியின் கண்கள் நெருக்கமானவை என்பதால் குஞ்சுமீன்களும் அள்ளப்படுகின்றன என்று கடலியலாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நானே அன்று மணலில் உதறப்பட்ட விரல்நக அளவு மீன்களைப் பார்த்தேன். ஆனால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகுகள் வரக்கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. இரவில் விளக்குகள் எவ்வளவு அருகே வருகின்றன என்பதை அந்த வாடியில் படுத்துக்கொண்டே எண்ண முடிந்தது. கடலைச் சுரண்டுகிறவர்கள் வரிசையில் கரைவலைக்காரரை முதலில் நிறுத்துவது, அவர் கரையில் நிற்பதால், கண்ணில் படுவதால் மட்டுமே.

2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர்ச் சாலை திறக்கப்பட்டது. நான் 2019இல் போனபோது பேருந்திலேயே போய் இறங்கினேன். சாலைக்கு முன் பிரசவ வலி கண்ட பெண்ணை மீன் வேனில் ஏற்றி, அது மணலில் புதைந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதை அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய மருமகளின் முதல் பிள்ளை அப்படித்தான் வழியில் பிறந்தது. இரண்டாவது பிள்ளை சாலைக்குப் பின், ராமேஸ்வரம் மருத்துவமனையில். ஆகவே சாலையைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரின் அமைதி போய்விட்டது என்று சொல்ல, மாலையில் திரும்பிப் போய்விடும் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆனால் சாலை கயிற்றையும் தொட்டது. பனிக்கட்டி வந்தது. முன்பு விற்காத மீனெல்லாம் கருவாடாகும், இப்போது பெட்டியில் அடுக்கி அன்றே போய்விடுகிறது. காசு முன்னைவிட நிற்கிறது, பெண்களின் கருவாட்டு வேலை குறைந்தது. அந்தப் பெண்களில் பலர் சாலையோரம் தள்ளுவண்டியும் தார்ப்பாய்க் கூரையும் போட்டு மீன் பொரித்து விற்கிறார்கள், சங்கும் சோழியும் கோத்து விற்கிறார்கள். நாள் முழுவதும் கயிறிழுத்துக் கிடைப்பதை ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பார்த்துவிடலாம். யார் கயிற்றுக்குப் போவார்கள்? இளைஞர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள். கயிற்றில் மிஞ்சியிருப்பவர்கள் வயதானவர்களும், வேறு எதற்கும் கூப்பிடப்படாதவர்களும். ஆள் குறைந்தால் வலை கனக்கும். வலை கனத்தால் முதலில் தேவைப்படாதவர், பிடித்துக்கொண்டு நடக்க மட்டும் முடிகிறவர். அந்தக் கண் தெரியாத கிழவர் அப்போது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கயிற்றில் இடம் இருந்திருக்குமா என்று கேட்டேன். சம்மாட்டி பதில் சொல்லவில்லை. அக்கரையில், மன்னார், முல்லைத்தீவுப் பக்கங்களில், உழவு இயந்திரத்தில் வின்ச் பொருத்திக் கரைவலை இழுக்கிறார்கள், இங்கேயும் வரும் என்று மட்டும் சொன்னார்.

அக்கரை ஒன்றும் தூரமில்லை. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான். அலைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நம்மை அந்நாட்டுக்கு வரவேற்றுச் செய்தி அனுப்புகிறது. இந்தப் பக்கத்து அரசாங்கப் பதிவில் ஊரில்லை, அந்தப் பக்கத்து அலைபேசி நிறுவனம் அழைக்கிறது என்று ஒரு இளைஞன் சிரித்தான்.

ஊற்று இன்னும் இருக்கிறது. கடைகளில் இருபது ரூபாய்க்குப் புட்டித் தண்ணீர் விற்கிறார்கள், அக்காவின் மருமகளும் விற்கிறாள். வீட்டுக்குள் சமைப்பதற்கும் குடிப்பதற்கும் இன்றைக்கும் ஊற்றுத் தண்ணீர்தான். வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு அருகில் இருந்த இரண்டு ஊற்றுகளை மூடிவிட்டார்கள். எண்ணெய் வாடை வருகிறது என்றார்கள். அக்காவுக்கு இப்போது எழுபது ஆகிறது. குந்தி உட்கார முடியவில்லை, பேத்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பேத்தி அவசரக்காரி, சிரட்டையை அடிவரை விடுகிறாள் என்று என்னிடம் குறைப்பட்டார்.

கடைசியாக நான் போனது 2024 பிப்ரவரியில். தென்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஒன்பது பேர், மறுபக்கம் ஏழு. ஏழு பேர் பக்கம் பிந்திக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பையன்கள் ஐந்தாறு பேர் படமெடுக்க வந்தவர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவராகக் கயிற்றைப் பிடித்தார்கள். முதலில் விளையாட்டு. பிறகு உள்ளங்கை உரிந்து, சத்தம் அடங்கி, நிஜமாகவே இழுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். நானும் பிடித்தேன். மடி கரையேறியபோது காரலும் சாளையும் சேர்ந்து நான்கு கூடை தேறியது, பெரிய மீன் இல்லை. சம்மாட்டி தன் ஆட்களுக்குப் பிரித்துவிட்டு, பையன்களை வரிசையாக நிற்கச் சொல்லி ஆளுக்கு ஒரு கை மீன் கொடுத்தார். வேண்டாம் அண்ணே, சும்மாதான் பிடித்தோம் என்று அவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "கயித்துல கைவச்சா மீனு உண்டு. வாங்கிக்கணும்" என்றார் அவர் கண்டிப்பாக. வாங்கிக்கொண்டார்கள். துடித்துக்கொண்டிருந்த மீனைக் கையில் ஏந்தியபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஆறு பேரும் வேனை நோக்கி மெதுவாக நடந்துபோனார்கள்.